அணிலும் பூந்தொட்டியும்

கேள்வி: மாடியிலுள்ள பூந்தொட்டிகளை அணில்கள் ஓயாமல் தோண்டுகின்றன. என்ன செய்வது?

பதில்: சேதுபந்தனத்துக்கு மணல் கொண்டு ஓடியதாகத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் போற்றிய குலம், மண்ணைக் கண்டால் வாளா இருக்குமா? புதிதாகக் கொத்திய இளகிய மண்ணே அவற்றுக்குப் பிரியமான பண்டசாலையாதலால், அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைத் தண்டுக்கு இடம்விட்டு வெட்டி, மண்மீது படியவைத்து, மேலே கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால், நீரும் காற்றும் தாராளமாகச் செல்லும். நகங்களுக்கு மட்டும் பிரவேசமில்லை. மிளகாய்ப்பொடி தூவுவோரும் உண்டு. அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, அணிலுக்கு உறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஒருமுறை நீர் வார்த்ததும் கரைந்தோடும் அந்த உபாயத்துக்காக ஒரு சிறு ஜீவனின் கண்ணை எரியவைப்பது எனக்குச் சம்மதமில்லை. தேங்காய் நாரையும் பரப்ப வேண்டாம். கூடு கட்டுவதற்கு அதனை உருவிச் செல்லவென்றே அணில் குடும்பத்தோடு எழுந்தருளும்.