மரச்சீனி மகாராஜா

கேள்வி: செடி, ஓவியம், விளையாட்டு என்று ராஜ குடும்பத்தார் பொழுதுபோக்கியதில் நமக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: நேற்று மத்தியானம் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டீர்களா? லாபம் உங்கள் வயிற்றில்தான் இருக்கிறது! நம் ஊரும் அடங்கிய திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளுக்குச் செடிகொடிப் பித்து. மரச்சீனி என்ற தென்னமெரிக்கக் கிழங்கை இங்கே பரப்பியவர் அவர். பின்னால் வந்த மன்னர் சித்திரைத் திருநாள் 1935-இல் திருவனந்தபுரத்தில் ஓவியக்கூடம் திறந்தார். ஓவியர் ரவிவர்மாவின் படங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. குடும்பத்து மருமகன் கோதவர்ம ராஜா விளையாட்டுக்கே நேர்ந்துவிடப்பட்டவர். கேரள விளையாட்டு கவுன்சிலின் முதல் தலைவர். படத்தைப் பார்க்கலாம், பந்தை உதைக்கலாம். மரச்சீனியை மட்டும்தான் அவித்துத் தின்னலாம். ராஜாவுக்குப் பொழுது போனது. நமக்குப் பசி போனது!