புல் செழிக்க எண்ணெய் அடிப்பது எப்படி?

எங்கள் கிளிவெட்டிப் பக்கம் களைநாசினிக்கு ‘எண்ணெய்’ என்றுதான் பெயர். “வயலுக்கு எண்ணெய் அடிச்சாச்சா மச்சான்?” என்பது பெரும்போகத்தில் சுகம் விசாரிக்கும் முறை.

இந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். 1940களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கரட் தோட்டங்களுக்கு மெய்யாகவே எண்ணெய்தான் அடித்தார்கள். கோட்டும் சூட்டும் உலர்சலவை செய்த அதே பெற்றோலிய எண்ணெய்! கரட்டும் அதன் சொந்தங்களும் அதைத் தாங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள களை கருகிப்போகும். கொஞ்சம் பிந்தி அடித்தால் கிழங்கிலும் எண்ணெய் வாடை ஏறிவிடும். பிறகு லினுரோன் என்ற களைநாசினி வந்தது. அதையும் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திவிட்டது. இவ்வளவு பாடும் எதற்கென்றால், கரட் முளைக்கவே இரண்டு மூன்று கிழமை எடுக்கும் சோம்பேறிப் பயிர். அது தலை நீட்டுவதற்குள் புல் குடித்தனமே தொடங்கிவிடும்.

நமக்குக் கரட் மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிறது. நம்மிடம் இருப்பது நெல். ஆனாலும் சூத்திரம் ஒன்றுதான். பயிர் பொறுக்கும், களை பொறுக்காது என்கிற ஒன்றைத் தெரிந்து, உரிய நேரத்தில் அடிக்க வேண்டும். இந்தச் சூத்திரத்தை முழுமையாகக் கோட்டை விட்டு, காசையும் செலவழித்து, புல்லையும் செழிப்பாக வளர்ப்பது எப்படி என்று பலர் என்னிடம் கேட்காமலேயே இருப்பதால், என் சொந்த வயல் அனுபவத்திலிருந்து சில வழிகளைத் தருகிறேன்.

1. வயலுக்குப் போகாமல் கடைக்குப் போங்கள்

வயலில் இறங்கினால் என்ன புல் என்று தெரிந்துவிடும். பிறகு சுவாரசியம் இராது. நேரே கடைக்குப் போய், “தம்பி, புல்லுக்கு ஒண்டு தாங்க” என்று கேளுங்கள். தம்பி எது கூடுதலாகக் கையிருப்பில் இருக்கிறதோ அதை எடுத்துத் தருவார்.

களைகள் மூன்று சாதி: புல், கோரை, அகன்ற இலை. எம்.சி.பி.ஏ. என்ற மருந்து கோரைக்கும் அகன்ற இலைக்கும்தான் எமன். அதைக் கொண்டுபோய் நெற்சப்பி என்ற புல் நிறைந்த வயலில் அடித்துப் பாருங்கள். போட்டிக்கு நின்ற மற்றக் களைகளை ஒழித்துத் தந்ததற்காக நெற்சப்பி தலையசைத்து நன்றி சொல்லும்.

முக்கியமாக, குனிந்து கணுவைப் பார்க்கவே கூடாது. இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் சின்ன மயிர்க்காது இரண்டு இருக்கும். நெற்சப்பிக்கு அந்த இடம் மொட்டை. இரண்டையும் பிடுங்கி ஒன்றாக வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். ஆகவே நிமிர்ந்தே நில்லுங்கள்.

2. நிலத்தை மட்டப்படுத்தாதீர்கள்

வயல் மேடும் பள்ளமுமாக இருக்கட்டும். மேட்டில் தண்ணீர் நிற்காது. அங்கே புல் முளைக்கும். பள்ளத்தில் தண்ணீர் கூடி, வீசிய நெல் அழுகும். ஒரே வயலில் இரண்டு நட்டம் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

3. தண்ணீரை நம்பாதீர்கள்

நெல்லின் மிகப் பழைய களைநாசினி தண்ணீர். நெற்பயிர் தண்ணீருக்குள் நின்றும் மூச்சு விடும்; பெரும்பாலான களை விதைகளால் தண்ணீருக்கடியில் முளைக்கவே முடியாது. இந்த இரகசியம் உங்கள் பாட்டனுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் மறந்துவிடுங்கள்.

முளைத்த புல்லுக்கு மருந்து அடிக்கும்போது தண்ணீரை வடித்து, இலை நனைய அடித்து, இரண்டு மூன்று நாளில் மறுபடி கட்ட வேண்டும் என்பார்கள். நீங்கள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் புல்லின் தலைக்கு மேல் அடியுங்கள். அடித்த பிறகு வரப்பில் நீர் விடும் வக்கடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மருந்து பக்கத்து வயலுக்குப் போகும், அவர் புல் சாகும், நல்லுறவு வளரும். வட்டவிதானை தண்ணீர் முறை சொல்ல வந்தால் தூங்கிவிட்டதாகச் சொல்லுங்கள்.

தண்ணீரின் பெறுமதி தெரியாத ஊரல்ல இது. நம் பக்கத்து வயல்களுக்கு நீர் தரும் மாவிலாறு அணைக்கதவு 2006 ஜூலையில் மூடப்பட்டபோது, பெரும் போர் ஒன்று மறுபடி தொடங்கியது. அப்படிப்பட்ட தண்ணீரை வக்கடை வழியே வீணாக விடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

4. பக்கத்து வயல்காரர் அடிக்கும்வரை காத்திருங்கள்

புல் இரண்டு மூன்று இலையோடு இருக்கும்போது கொஞ்ச மருந்துக்கே சாகும். அதனால்தான் அவசரப்படக் கூடாது. கலியாண வீடு, கோயில் திருவிழா எல்லாம் முடியட்டும். புல் முழங்கால் உயரம் வந்து கிளை விட்ட பிறகு, அளவை இரட்டிப்பாக்கி அடியுங்கள். புல்லுக்குக் காய்ச்சல் வரும். நெல்லுக்கு மஞ்சள் காமாலை வரும்.

5. மூடியால் அளந்து, கிடைத்த நொசிலால் அடியுங்கள்

லேபலில் அளவு எழுதியிருக்கும். அது அழகுக்கு. 16 லீற்றர் டாங்கிக்கு “இரண்டு மூடி, கையோடு இன்னும் கொஞ்சம்” என்பதே நம் அளவை. களைக்கு விசிறிபோல் பரவும் நொசில் வேண்டும். நீங்கள் பூச்சிக்கு அடித்த பழைய கூம்பு நொசிலையே மாட்டுங்கள். காற்று நன்றாக வீசும் நேரமாகப் பார்த்தால் மருந்து உங்கள் முகத்துக்கும் மாமியின் கத்தரித் தோட்டத்துக்கும் சமமாகப் பங்கிடப்படும்.

6. ஒரே மருந்துக்கு ஆயுள் முழுதும் விசுவாசமாக இருங்கள்

புரோப்பனில் என்ற மருந்தின் சூட்சுமம் இது: நெல்லின் உடம்பில் அதை உடைத்துவிடும் நொதியம் உண்டு, நெற்சப்பிக்கு இல்லை. ஆகவே நெல் தப்பும், புல் சாகும். எவ்வளவு அழகு! அந்த அழகில் மயங்கிப் போகத்துக்குப் போகம் அதையே அடித்தோம். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு புல் விதை போட்டது. அதன் பிள்ளைகளும் தப்பின. கடைசியில் புரோப்பனிலுக்குச் சாகாத நெற்சப்பி இலங்கையிலேயே உருவாகிவிட்டதை நம் விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். நாம் வளர்த்த பிள்ளை அது.

7. பன்றி நெல்லைப் பாசத்தோடு வரவேற்கவும்

1990களில் அம்பாறைப் பக்கம் தலைகாட்டிய பன்றி நெல், இன்று எல்லாருக்கும் உறவு. அதுவும் நெல் இனமே என்பதால், அதை மட்டும் கொன்று நெல்லை விடும் மருந்தைத் தேடிக் களைக்கிறார்கள். அறுவடைக்கு முன்பே மணியைச் சேற்றில் உதிர்த்துவிட்டு அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். அதை ஊருக்கு அழைத்துவர இரண்டு வழிகள்: அத்தாட்சி இல்லாத விதைநெல், கழுவாத வெட்டு மெசின். இரண்டையும் வாடகைக்கோ கடனுக்கோ எளிதாகப் பெறலாம்.

8. சட்டத்தைக் கவனித்துக் குழம்புங்கள்

கிளைபோசேற்றை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள். 2021 மே மாதம் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை. நவம்பரில் தடை நீங்கியது. ஒரு போகத்துக்குள் இயற்கை விவசாயியாகி, அடுத்த போகத்தில் பழையபடி ஆகும் பயிற்சி உலகில் வேறெந்த விவசாயிக்கும் கிடைத்திராது. அந்த மாதங்களில் புல் மட்டும் எந்த வர்த்தமானியையும் வாசிக்கவில்லை.

9. மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வையுங்கள்

இந்த வழியில் மட்டும் பகிடி இல்லை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பராகுவாட் போன்ற கொடிய நஞ்சுகளை 2008 முதல் படிப்படியாக நிறுத்திய பிறகே, நஞ்சருந்தி இறந்தோர் தொகை இந்நாட்டில் மேலும் குறைந்தது. அந்தக் கொடிய போத்தல் கைக்கு எட்டாததாலேயே பல உயிர்கள் பிழைத்தன. மிச்சம் லேபலுள்ள போத்தலிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள், பூட்டுக்குள். டாங்கியை வாய்க்காலில் கழுவவும் வேண்டாம். அந்தத் தண்ணீரில் கீழே யாரோ முகம் கழுவுகிறார்கள்.

மேலே சொன்ன பகிடி வழிகளை எல்லாம் நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தவன். ஒரு போகத்தில் கடைக் கடன் ஏறியது, புல்லும் ஏறியது, நெல் மட்டும் இறங்கியது. கடையில் வாங்க முடிந்தது எண்ணெய் ஒன்றுதான். மட்டமான நிலமும், நேரத்துக்குக் கட்டிய தண்ணீரும், சுத்தமான விதையும் எந்தப் போத்தலிலும் வருவதில்லை. அவை மூன்றும் சரியானால் எண்ணெய்க்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்தான்.

ஆகவே அடுத்த பெரும்போகத்தில் முதலில் வயலுக்குப் போங்கள். குனிந்து நாலு கணுவைப் பாருங்கள், வக்கடையை அடைத்துவிடுங்கள். கடைக்குப் பிறகு போகலாம். அது திறந்துதான் இருக்கும்.