எழுதி வாங்கி அனுப்பு

மேஜை மேல் ஒரு வெள்ளைத்தாள். பக்கத்தில் நீல மை டப்பி. எதிரே ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண். இடது கன்னம் வீங்கிப் பாதிக் கண் மூடிவிட்டது. "இனிமேல் கணவருடன் அனுசரித்துக் குடும்பம் நடத்துவேன் என உறுதி கூறுகிறேன்" என்று ஏட்டம்மா எழுதி முடித்தார். அடித்தவன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டவள் உறுதி கூறிக்கொண்டிருந்தாள்.

கைநாட்டு விழவில்லை. உப்பு தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? மூன்று தடவை உருட்டினார்கள். "கையக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, புருசன எப்பிடி வச்சுக்குவ?" என்றார் ஏட்டம்மா. பக்கத்து வீட்டுக்காரன் என்று கூடப் போயிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு இவளுக்கு? வீடு எங்க? எத்தனை நாள் பழக்கம்?" அன்று அந்தக் காவல் நிலையத்தில் நடந்த ஒரே விசாரணை அதுதான்.

எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற நிலையங்கள் கோபித்துக்கொள்ளும்.

இப்படி எழுதி வாங்குவதற்குப் பெயர் கவுன்சலிங். அரசாங்கத் தமிழில் ஆற்றுப்படுத்துதல். சங்க காலத்தில், பரிசு பெற்ற பாணன் வறிய பாணனை வள்ளலிடம் வழிகாட்டி அனுப்பினான், அது ஆற்றுப்படை. இப்போது அடி வாங்கியவளை அடித்தவனிடமே வழிகாட்டி அனுப்புகிறார்கள். தமிழ் வளர்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறை. அதன் விதிகளில் 14ஆவது விதியை யாராவது ஏட்டம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். அடித்ததற்கு நியாயம் பேச ஆலோசனையில் அவனை விடக்கூடாது. அதை உட்காரும் முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டும். இனி கை நீட்டமாட்டேன் என்று எழுதித் தர வேண்டியவன் அவன். சமரசப் பேச்சு அவள் விரும்பினால்தான். "அது கோர்ட்டு அனுப்புற கவுன்சலிங்குக்கு சார், ஸ்டேஷனுக்கு இல்ல" என்பார்கள். ரொம்பச் சரி. கோர்ட்டுக்கே கடிவாளம் போட்ட வேலையை ஸ்டேஷன் கடிவாளம் இல்லாமல் செய்கிறது. இங்கே முதல் கேள்வியே, "அவன் கோவப்படுற மாதிரி நீ என்ன செஞ்ச?"

திருச்செந்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. வருஷந்தோறும் சூரசம்ஹாரம் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறோம். மாமரமாய் நின்ற சூரன் பிளந்து சேவலும் மயிலும் ஆனான். அதற்கு முருகனே வேல் எடுக்க வேண்டியிருந்தது. நம் ஏட்டம்மா ஒரு வெள்ளைத்தாளில் முடித்துவிடுகிறார். பிளக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டால் போதும், சூரன் மயிலாகிவிடுவான். மறுநாள் திருக்கல்யாணம்.

சரி, அவள் துணிந்து மேலே போகிறாள் என்று வையுங்கள். பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம் எல்லாம் மாவட்டத் தலைநகரத்தில். ஆத்தூர், முக்காணி, பழையகாயல் தாண்டிச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு நாள் கூலி போச்சு. "எங்கடி போன?" என்ற கேள்விக்கு இன்னொரு அடி. மையத்தில் தங்க இடம் தருவார்கள். திட்டத்தின் கணக்குப்படி 5 நாள். பத்து வருஷமாய் வாங்கிய அடி 5 நாளில் ஆறிவிட வேண்டும். ஆறாதது அவள் குற்றம்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் எடுத்த கணக்கு: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் புருஷனின் வன்முறையைப் பார்த்தவர்கள். இந்தியா முழுக்க, அடிபட்டவர்களில் உதவி கேட்டுப் போனவர்கள் வெறும் 14 சதவீதம். எண்ணுவதற்கு வீடு வீடாய் ஆள் வந்தது. எண்ணி முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று அளந்தார்கள். ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் நிவாரணமும் வந்தது. வீட்டுக்குள்ளே பெய்வதையும் அளந்தாகிவிட்டது. நிவாரணத்தைத்தான் காணோம்.

ஒவ்வொரு மாவட்டத்திலும், வட்டத்திலும் பாதுகாப்பு அலுவலரை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு 2025 மே மாதத்தில் உத்தரவு போட வேண்டியிருந்தது. குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு அப்போது வயது கிட்டத்தட்ட இருபது. மனுவை 60 நாளில் முடிக்கப் பாருங்கள் என்று மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்கிற சட்டம் அது. தாலிக்குத் தங்கம் கொடுத்த காலத்தில் இதே சமூக நலத்துறை கிராம் கணக்கில் அளந்து கொடுத்தது. முதலில் 4 கிராம், 2016இல் 8 கிராம். தாலி ஏறுகிற நாள் வரைக்கும் துறை கூடவே நின்றது.

டாஸ்மாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் 500 கடை மூடிய பிறகும் 4,829 கடை மிஞ்சியது. 2023–24 வருமானம் 45,855 கோடி. வட்டத்துக்கு வட்டம் கடை வையுங்கள் என்று எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை. (குடிக்காமல் அடிக்கிற உத்தமர்களும் ஊரில் உண்டு. அவர்களுக்குச் சாக்குகூடத் தேவைப்படுவதில்லை.)

உடம்புக் காயத்தைப் பற்றியே இவ்வளவு பேச்சு. மற்றது? சட்டி விழுந்தால் அவள் நடுங்குகிறாள். தூக்கத்தில் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். சாயந்தரம் பைக் சத்தம் கேட்டால் சின்னவன் கட்டிலுக்கடியில் போகிறான். தெரு வைத்தியம் தயாராக இருக்கிறது. "திருச்செந்தூர் போ தாயி. கடல்ல முங்கி நாழிக்கிணத்துல குளி. பன்னீர் இலை விபூதி பூசு, எல்லாம் சரியாயிரும்." நாழிக்கிணறு தன்னால் ஆனதைச் செய்கிறது, உப்புக்கடல் ஓரத்தில் நல்ல தண்ணீர் தருகிறது. மனநலத்துறை வேலையையும் அதன் தலையில் கட்டினால் எப்படி?

மனநல உதவிக்கு 14416 இருக்கிறது, 2022 முதல். பெண்களுக்கு 181 இருக்கிறது. இரண்டும் இலவசம். போன் அவன் சட்டைப்பையில் இருக்கிறது.

வழி தெரியாமல் இல்லை. மும்பை பாந்த்ராவில் பாபா மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குள்ளேயே 2000இல் 'திலாசா' என்று ஓர் அறை திறந்தார்கள். செஹாட் அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலை. காய்ச்சல் மாத்திரை வாங்க வந்ததாய்ச் சொல்லிக்கொண்டு ஒருத்தி உள்ளே நுழையலாம். "படியில விழுந்துட்டேன்" என்றால் நம்பாமல் இன்னொரு தடவை கேட்க நர்சுக்குப் பயிற்சி. பேச ஆள், கேட்கக் காது, கதவுக்குத் தாழ்ப்பாள். திரும்பிப் போ என்று யாரும் எழுதி வாங்குவதில்லை. ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை. ராக்கெட் என்றால் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கே இடம் கிடைத்துவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி போனாள். இந்தத் தடவை வலது கன்னம். நிலையத்தில் தாள் தீர்ந்துவிட்டது. "வெளிய போயி ஒரு வெள்ளைத்தாள் வாங்கிட்டு வாம்மா" என்றார் ஏட்டம்மா. எதிர்க்கடையில் தாள் இரண்டு ரூபாய். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டாக எண்ணிக் கொடுத்தார்.

"ஒண்ணுதான் கேட்டேன் அண்ணாச்சி."

"இருக்கட்டும் தாயி. அடுத்த தடவைக்கு ஆகும்."