ஊருக்கு ஊர் ஒரு மளிகைக்காரர் ரோடு

இடைக்கால ஜெர்மனியில் சந்தையில் நின்று ‘ஹான்ஸ்’ என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது. வரி வாங்க வந்தவனுக்கு எந்த ஹான்ஸ் கட்டினான், எந்த ஹான்ஸ் கம்பி நீட்டினான் என்று தெரிந்தாக வேண்டும். மாவு அரைக்கிறவன் மியுல்லர், கொல்லன் ஷ்மிட், செருப்புத் தைக்கிறவன் ஷூமாக்கர் என்று ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். தொழில் போனது, பெயர் போகவில்லை. இன்றைக்கும் ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் மியுல்லர்தான். மைக்கேல் ஷூமாக்கர் ஏழு முறை பார்முலா ஒன் பட்டம் வென்றார். ஒரு செருப்புக்காவது வார் தைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்தைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம், பம்பாய் காட்கோபர் கிழக்கில் இறங்கினால் போதும். ஹிங்வாலா லேன் இருக்கிறது, அதாவது பெருங்காயக்காரர் சந்து. ஆர்.பி. மேத்தா மார்க் இருக்கிறது. மேத்தா என்றால் கணக்கப்பிள்ளை. குஜராத்திகளின் கட்டடங்களில் லிப்ட் பக்கத்துப் பெயர்ப்பலகையைப் படியுங்கள்: நகைக்கார ஜவேரி, துணிக்கார கபாடியா, தரகர் தலால், நாணயத்தைத் தட்டிப் பார்க்கும் பாரேக். பல்வலி என்று போனால் நகைக்காரர் பிடுங்குவார், துணிக்காரர் எக்ஸ்ரே எடுப்பார்.

எம்.ஜி. ரோடும் உண்டு. காந்தி தம் முன்னோர் ஆதியில் மளிகைக்காரர்கள் போலிருக்கிறது என்று சுயசரிதையிலேயே சொல்லிவிட்டார். தாத்தா காலத்திலேயே குடும்பம் கத்தியவார் சமஸ்தானங்களில் திவான் வேலைக்குப் போய்விட்டது. ஆனாலும் பெயரில் பலசரக்கு மிச்சம். பாரத தேசம் ஊர் தவறாமல் ஒரு மளிகைக்காரர் ரோடு போட்டு வைத்திருக்கிறது.

பார்சிகள் இன்னும் துணிச்சல்காரர்கள். ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் காலி பாட்டில் வியாபாரத்தில் தொடங்கியதால் ‘பாட்லிவாலா’ ஆனார். பிறகு சீனத்துக்குப் பஞ்சும் அபினும் அனுப்பிக் கொழித்து, 1842இல் சர் பட்டம், 1857இல் பரோனெட் பட்டம். பாட்டில் மெல்ல நழுவியது. அந்தப் பட்டத்துக்கு வரும் வாரிசு தன் சொந்தப் பெயரை விட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்றே ஆக வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டார்கள். காசு சேர்ந்தால் பெயருக்கும் காவல் போடலாம். கைரொக்கத்தையே குடும்பப் பெயராக்கி ‘ரெடிமணி’ என்று திரிந்தவர்களும் இதே பம்பாயில்தான்.

மாதுங்கா டான் பாஸ்கோவில் படித்த பரூக் எஞ்சினியர் விக்கெட் கீப்பர். அவர் அப்பா டாக்டர். கவிஞர் கேக்கி தாருவாலா? சாராயக்காரர் என்ற பெயரோடு 1958இல் ஐ.பி.எஸ். சேர்ந்து போலீஸ் அதிகாரியானார். இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.

நம்மவர்கள் தொழிலைப் பெயருக்கு முன்னால் மாட்டுவார்கள்: டீக்கடை மணி, சைக்கிள் கடை பாய். ஆள் போனால் கடையும் போச்சு, பிள்ளைக்கு ஒட்டாது. பின்னால் தொங்கியது சாதிப் பட்டம். அதை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் கழற்றச் சொன்னார்கள். கழற்றிய இடம் காலி. பம்பாய்ப் படிவமோ காலி இடத்தை விடுவதில்லை, ‘சர்நேம்’ எங்கே என்கிறது. அங்கே அப்பா பெயரைத் தள்ளிவிட்டு வந்தோம். அதனால்தான் அப்பா ஆறுமுகம் மில்லில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பள்ளிக்கூடத்தில் மராத்தி டீச்சர், வீட்டுப்பாடம் எழுதாத குற்றத்துக்காக ஆறுமுகத்தைப் பெஞ்சு மேல் ஏற்றினார்.