தேநீரை மதுவாக வகைமாற்றக் கோரும் மனு

அனுப்புநர்: டீக்கடைக்காரன், பேருந்து நிலைய வாசல், மதுரை மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்று.

பெறுநர்: ஊரடங்குத் தளர்வுகளை எழுதும் உயர் அதிகாரி அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.

நாள்: 21.05.2020

பொருள்: தேநீரை மதுபான வகையில் சேர்த்து, அதற்குரிய மரியாதையுடன் கடை திறக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனக்குக் கிடைத்த 11.05.2020 தளர்வு. 2. ரைஸ்மில் சந்து அரசு மதுக்கடைக்குக் கிடைத்த 07.05.2020 மற்றும் 16.05.2020 தளர்வுகள்.

ஐயா,

இந்த மாதிரி மனுக்களை எங்கள் ஊரில் தாலுகா ஆபீஸ் புளியமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் எழுதித் தருவார். ‘மேற்படி’, ‘தாழ்மையுடன்’ எல்லாம் அதனதன் இடத்தில் விழும். மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காக 144 தடை போட்டதிலிருந்து அவரையும் காணோம், ஸ்டூலையும் காணோம். அதனால் நானே எழுதுகிறேன். ‘மேற்படி’ எங்காவது விட்டுப்போயிருந்தால் தாங்களே போட்டுக்கொள்ளவும்.

முதலில் நன்றி. மே 7-ஆம் தேதி ரைஸ்மில் சந்துக் கடையைத் திறக்கச் செய்த ஏற்பாட்டைப் பாராட்டாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. சவுக்குக் கம்பு கட்டி வரிசை பிரித்தார்கள். சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். பந்தல், மைக், தண்ணீர் டிரம். எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு அத்தனை போலீஸ் வந்து நான் பார்த்ததில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி. 40 முதல் 50 வயது வரை 1 முதல் 3. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 3 முதல் 5. பெரியவர்களை வாசல்படி தாண்ட விடாதீர்கள் என்று ஊரே ஓதிக்கொண்டிருந்த நேரத்தில், தாங்கள் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை செய்தீர்கள். ஆதார் அட்டை வேறு கட்டாயம். என் கடைப் பெஞ்சில் பத்து வருஷமாகத் தன் வயது நாற்பத்தைந்து என்றே சொல்லிவந்த மாட்டுத் தரகர், அன்று காலை பத்து மணி வரிசையில் நின்றார். அவருடைய வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கும் சேர்த்து நன்றி.

அன்று ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது என்றும், அதில் மதுரை மண்டலமே முதலிடம் என்றும் செய்தியில் சொன்னார்கள். அதுவும் சென்னை நகரத்தில் கடை திறக்காமலே. மறுநாளே உயர் நீதிமன்றம், ‘இடைவெளியைக் காணோம், கடையை மூடு, விற்றே தீர வேண்டுமென்றால் ஆன்லைனில் விற்று வீட்டில் கொண்டுபோய்க் கொடு’ என்றது. தாங்கள் அசரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் 15-ஆம் தேதி தடை வாங்கி, 16-ஆம் தேதி ஷட்டரைத் தூக்கிவிட்டீர்கள். இந்தத் தடவை கடைக்கு 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறம். எனக்காக இதுவரை யாரும் டெல்லி போனதில்லை, ஐயா. மதுரை கலெக்டர் ஆபீஸ் வரைகூடப் போனதில்லை.

இனி என் கதை. எனக்குக் கொடுத்தது பார்சல். கடையில் நின்றோ அமர்ந்தோ எதையும் உட்கொள்ளக் கூடாது, மீறினால் கடைக்குப் பூட்டு. பார்சல் டீ என்பது பாலித்தீன் பையில் ஊற்றி, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, கூடவே நாலு பிளாஸ்டிக் கப் தருவது. அந்தப் பையும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் தடை. தடை போட்டதும் தாங்கள்தான், அல்லது தங்கள் பக்கத்து அறை. ஆகவே டீயை ஊற்றப் பை கிடையாது, குடிக்க இடம் கிடையாது. மற்றபடி அனுமதி உண்டு.

ஜனங்கள் சமாளித்தார்கள். பூக்கட்டும் அம்மா தூக்குவாளி கொண்டுவந்தார். மருந்துக்கடைப் பையன் வீட்டில் ரசம் ஊற்றி வைத்த பிளாஸ்கை எடுத்து வந்தான். மூன்று நாளைக்கு அவன் டீயில் மிளகு மணந்தது. பாத்திரம் இல்லாதவர்களுக்காகத் தங்கள் உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நின்றோ, அமர்ந்தோ. நடந்தோ என்று எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து கண்ணாடி கிளாஸில் டீயை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். கிளாஸ் எனக்குத் திரும்பி வர வேண்டுமே, அதனால் சுற்றுப்பாதை. பஸ் ஓடாத பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று வந்தால் ஒரு டீ முடியும். வடையும் உண்டென்றால் இரண்டு சுற்று. கோயில் பிரகாரம் பூட்டிக்கிடந்த குறை அந்த வகையில் தீர்ந்தது.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. எந்தத் துறை ஜீப் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் அதே வழியாகத்தான் வரும். அந்த நேரம் பார்த்து லோடுமேன் ஒருவர், கையில் டீயோடு, அவிழ்ந்த கைலியைக் கட்ட நின்றுவிட்டார்.

“ஏன்யா, ஆள நிக்க வச்சு டீ கொடுக்குறியா?”

“நிக்கல சார். கைலியக் கட்டுறார்.”

“கட்டுறதுக்கு நிக்கணும்ல?”

பதில் சொல்ல முடியாத கேள்வி. 500 ரூபாய் அபராதம், ரசீதோடு. ரசீதில் காரணம் ‘சமூக இடைவெளி இல்லை’ என்று எழுதியிருந்தது. நின்றவர் ஒரே ஒருவர். அவர் யாரிடமிருந்து இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டீயிலிருந்தாக இருக்கலாம்.

ரைஸ்மில் சந்திலும் பார்சல்தானே, பார் திறக்கவில்லையே என்று தாங்கள் கேட்கலாம். நியாயம். பாட்டிலை வாங்கியவர்கள் கடையில் குடிக்கவில்லை. கண்மாய்க்கரைக்குப் போய், ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரே டம்ளரைச் சுற்றுக்கு விட்டார்கள். அங்கே ஜீப் போகாது. கரையில் ஏறினால் சக்கரம் இறங்கிவிடும்.

என் கடைப் பெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மனுவே அது இல்லாமல்தான் எழுதப்படுகிறது. அப்பா காலத்துப் பெஞ்சு. நடுவில் ஒரு ஆணி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். தெரிந்தவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுங்கி உட்காருவார்கள். தெரியாத வெளியூர்க்காரர் எழுந்திருக்கும்போது வேட்டி கிழியும். சமூக இடைவெளி எங்கள் பெஞ்சில் முப்பது வருஷமாக அமலில் இருந்தது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் உத்தரவு வந்ததும் அதைச் சுவர் பக்கம் திருப்பி, காலை மேலே தூக்கி நிறுத்திவிட்டேன். அந்த இடுக்கில் இப்போது ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. அதற்குத் தடை எதுவும் வரவில்லை.

அந்தப் பெஞ்சில் தீராத விவகாரம் கிடையாது. ஒரு பேப்பர் வாங்குவேன். ஏழு மணிக்குள் அது நாலு துண்டாகி நாலு கையில் இருக்கும். காவிரித் தண்ணீர், ஜிஎஸ்டி, எவன் வீட்டுப் பையன் எவளோடு ஓடினான், எல்லாவற்றுக்கும் இரண்டாவது டீக்குள் தீர்ப்பு வந்துவிடும். இந்த நூறு வருஷத்திலேயே பெரிய விவகாரம் இப்போதுதான் வந்தது: கடைகளைத் திறக்கலாமா, கூடாதா? பேச வேண்டியவர்கள் நாலு வீட்டில் தனித்தனியாக அடைந்து கிடந்தார்கள். பேச வேண்டிய இடம் சுவரைப் பார்த்து நின்றது. ஆகவே தாங்களே பேசி, தாங்களே முடிவு செய்து, இரவு எட்டு மணிச் செய்தியில் சொல்லிவிட்டீர்கள்.

பெஞ்சு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓரளவு என்னால் சொல்ல முடியும். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ‘திறக்கவே கூடாது’ என்றிருப்பார். போனில் என்னிடமும் அதையேதான் சொன்னார். “கோயம்பேடு மார்க்கெட்டைச் சமயத்துல மூடாம விட்டதுக்கு எத்தனை மாவட்டம் அனுபவிக்குதுன்னு பாத்தியாடா? மே அஞ்சாம் தேதி மூடி என்ன பிரயோஜனம்? கடையத் திறக்காத, சொல்லிட்டேன்.” எழுபது தாண்டியவர், இருபது வருஷத்துச் சர்க்கரை. எதிர்ப்பக்கம் உட்காருகிற ஆட்டோக்காரர் ‘ஒன்னாம் தேதியானா உமக்குப் பென்ஷன் வருது, நீர் பேசுவீர்’ என்றிருப்பார். அவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு இந்த இரண்டு மாதத்தில் வந்தது ரேஷன் கார்டுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாயும் அரிசியும். ஆட்டோ டியூ மட்டும் அவரை மாதம் தவறாமல் ஞாபகம் வைத்திருக்கிறது. இருவரும் கத்துவார்கள். ஹெட்மாஸ்டர் பாதி டீயோடு எழுந்து போவார். மறுநாள் காலை ஆணிக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருவார். நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். அவர் போனை வைத்ததும் கடையை மூடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பாலுக்குக் காசு கேட்டு ஆள் வந்ததும் திறந்துவிட்டேன்.

பொருளாதாரத்தை மீட்க ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் சி. ரங்கராஜன் தலைமையில் குழு போட்டிருப்பதாகவும், மூன்று மாதத்தில் அறிக்கை தருவார்கள் என்றும் படித்தேன். பெரியவர், விஷயம் தெரிந்தவர், ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மூன்று மாதம் பொறுக்கிற பால்தான் என்னிடம் இல்லை.

பக்கத்துக் கடை முடிதிருத்தும் நண்பரின் நிலைமை என்னுடையதைவிடச் சிறப்பு. 19-ஆம் தேதி முதல் ஊரகப் பகுதியில் மட்டும் சலூன் திறக்கலாம் என்று அறிவித்தீர்கள். அவர் கடை பேரூராட்சி எல்லைக்குள் இருக்கிறது. மேற்கே இருநூறு அடி நடந்தால் ‘நன்றி, மீண்டும் வருக’ பலகை. அதைத் தாண்டினால் ஊராட்சி. பலகைக்கு அப்பால் இருப்பவர் கடையில் ஊர் முழுக்க வரிசை கட்டி நிற்கிறது. பலகைக்கு இப்பால் இருக்கும் நண்பர், தன் பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்து, தன் வாடிக்கையாளர்கள் தலைமுடியோடு போவதையும் அது இல்லாமல் வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். பலகையை இருநூறு அடி கிழக்கே நகர்த்தி நட என்ன செலவாகும் என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

இனி கோரிக்கைக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்ததில் தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தது. ரைஸ்மில் சந்தில் விற்கிற சரக்கு தங்கள் கஜானாவுக்கு வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. நான் கட்டுவது பேரூராட்சித் தொழில் வரி. அதிலும் போன அரையாண்டு பாக்கி. இப்படி ஒரு சரக்கை விற்பவனுக்காக யார் டெல்லிக்கு வண்டி ஏறுவார்கள்? ஆகவே சரக்கின் வகையை மாற்றித் தரும்படி கேட்கிறேன். தேநீரும் பழகினால் விடாது. காலையில் கிடைக்காவிட்டால் தலைவலி, எரிச்சல், வீட்டில் சண்டை எல்லாம் வரும் என்பதற்கு ஊரடங்கின் முதல் வாரமே சாட்சி. குடிப்பவர் உலக விஷயம் பேசுவார், கடன் சொல்வார், நேற்றுச் சொன்னதை இன்று மறுப்பார். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

வருமானத்துக்கும் வழி இருக்கிறது. சாதாரண குவார்ட்டருக்குத் தாங்கள் ஏற்றியது 10 ரூபாய். டீக்கும் அதே 10 ரூபாய் ஏற்றிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. என் டீ விலையே 10 ரூபாய்தான் என்பதை மட்டும் கோப்பில் குறித்துக்கொள்ளவும். நடுத்தர வகைக்கு 20 ரூபாய் ஏற்றினீர்கள். அதை இஞ்சி டீக்கு வைத்துக்கொள்ளலாம்.

வகை மாறியதும் எனக்கு உடனடியாகத் தேவைப்படுவது இரண்டு போலீஸ், ஒரு பந்தல், சவுக்குக் கம்பு, சுண்ணாம்பு. டோக்கன் 500 வேண்டாம். நல்ல நாளிலேயே 300 டீதான் ஓடும். வயதுவாரி நேரம் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்: என் கடைக்கு 50 தாண்டியவர்கள் அதிகாலை ஐந்துக்கே வந்துவிடுவார்கள், பத்து மணி வரை பொறுக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 15-க்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். என் மகளும் எழுதுகிறாள். பெஞ்சுக்கு எத்தனை பேர் என்று ஹாலில் முடிவு செய்ததும் அந்த எண்ணிக்கையை எனக்கும் தெரிவித்தால், பூனையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு நானும் அதே கணக்கில் உட்கார வைப்பேன்.

500 ரூபாய் ரசீதின் நகல் இணைத்துள்ளேன். டீக்கறை பட்டிருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
டீக்கடைக்காரன்

பின்குறிப்பு: பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால்காரர் கையெழுத்து வாங்க என் கடையில் நிற்க வேண்டிவரும். நல்ல மனிதர், வந்தால் டீ கேட்பார். தயவுசெய்து அவரிடம் நடந்துகொண்டே கொடுக்கச் சொல்லவும்.