மூன்று பிக்சல்காரர்

கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் இருப்பார். மனை பார்த்தபோது வரவில்லை. வரைபடம் போட்டபோது வரவில்லை. சிமென்ட் விலை ஏறி வீட்டுக்காரர் கடனுக்கு அலைந்தபோது போனைக்கூட எடுக்கவில்லை. பால் காய்ச்சும் அன்று மட்டும் சரியாக வந்து, காபி டம்ளரும் கையுமாக ஒவ்வோர் அறையாக நுழைந்து, "சுவிட்ச் போர்டை இந்தப் பக்கம் வெச்சிருக்கலாமே" என்பார். கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் இவர் உண்டு. என்ன, இங்கே அவர் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட மாட்டார். ஸ்க்ரூடிரைவரோடு திரும்பி வந்து, போர்டைத் தானே கழற்றி மாட்டிவிட்டுத்தான் ஓய்வார். இத்தனைக்கும் இங்கே பந்தியும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

ஒரு திறமூலத் திட்டம் தன் வலைத்தளத்தைப் புதுப்பித்து வெளியிட்டதும்தான் இவருக்குப் பொழுது விடியும். அதற்கு முன்பே திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் மாதக்கணக்கில் கெஞ்சியிருப்பார்கள். "புது வடிவமைப்பு தயார், பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்" என்று சோதனைத் தளத்தின் முகவரியைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டியிருப்பார்கள். ஒரே ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருப்பார், அதுவும் கைதவறிப் பட்டிருக்கலாம். நம்மவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்காதீர்கள். தளம் வெளியான அரை மணி நேரத்துக்குள் முதல் இஷ்யூ, அதாவது குறை சொல்லும் புகார், வந்து விழும்: "முகப்பில் லோகோவுக்கு மேலே மூன்று பிக்சல் கூடுதலாக இருக்கிறது."

சாதாரணக் கணினித் திரையில் மூன்று பிக்சல் என்பது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அந்தக் கூடுதலை நிரூபிக்க அவர் திரையைப் படம் பிடித்து, பெரிதாக்கி, சிவப்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அம்புக்குறியும் வைத்திருப்பார். கீழே விவரம்: பயர்பாக்ஸில் இப்படித் தெரிகிறது, குரோமில் இப்படி, சஃபாரியில் பார்க்க என்னிடம் மேக் இல்லை, மன்னிக்கவும். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, எந்த வரிசையில் செய்தால் திரும்ப நடக்கும் என்று எல்லாம் தலைப்புப் போட்டு எழுதப்பட்டிருக்கும். நம்மில் பலர் வருமான வரிக் கணக்குக்குக்கூட இவ்வளவு சிரத்தை காட்டியதில்லை.

பகலில் அவருக்குச் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனியின் வலைத்தளத்தில், முதல் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. அவர் கண்டுகொண்டதே இல்லை. கேட்டால், "அது மார்க்கெட்டிங் டீம் வேலை சார்." அதே மனிதர் ராத்திரி சாப்பிட்டு முடித்து லேப்டாப்பைத் திறந்தார் என்றால், முகம் தெரியாத நாலு பேர் நாலு நாட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு தளத்தின் ஃபுட்டரில் காப்பிரைட் வருடம் மாற்றப்படாததைக் கண்டுபிடித்து, தூக்கம் வராமல் புரளுவார்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

"என்னங்க, அடுப்படிக் குழாய் ஒழுகுது."

"எப்பவுமே ஒழுகுதா, திறந்து மூடினப்புறம் மட்டுமா?"

"ஒழுகுதுங்க."

"என்ன செஞ்சா ஒழுகுதுன்னு வரிசையா சொல்லு."

அவரே எழுந்து போய்த் திறந்து மூடிப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்துச் சனியன் பிடித்த குழாய் ஒழுகாது. "எனக்கு ஒழுகலையே" என்று வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் கணக்கில் அந்த இஷ்யூ மூடியாகிவிட்டது. அந்த அம்மாள் மறுநாள் பிளம்பரைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்வார்.

இத்தனை பெரிய திட்டத்தில் தொடுவதற்கு எவ்வளவோ இருக்க, மனிதர் ஏன் மூன்று பிக்சலைப் பிடித்துத் தொங்குகிறார்? இதற்கு நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இலேயே பதில் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அவர் எழுதிக் காட்டிய கற்பனைக் கமிட்டி ஒன்று, ஒரு கோடி பவுண்டு அணு உலையை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிடுகிறது. 350 பவுண்டு சைக்கிள் கொட்டகைக்கு வந்ததும் முக்கால் மணி நேரம் விவாதம். கூட்டத்துக்கு வாங்கும் காபிச் செலவுக்கு ஒன்றேகால் மணி நேரம். அணு உலை யாருக்கும் புரியாது. காபியைப் பற்றிக் கருத்தில்லாத மனிதன் பிறக்கவில்லை. 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில், நிரலைச் சற்று நேரம் தூங்க வைக்கும் கட்டளை ஒன்றுக்கு அரை வினாடி, கால் வினாடி கொடுக்கலாமா என்று ரகளை நடந்தபோது, அந்தத் திட்டத்தின் நிரலாளர் பவுல்-ஹென்னிங் காம்ப் இந்தக் கொட்டகையை நினைவூட்டி எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து மென்பொருள்காரர்கள் பேச்சில் சைக்கிள் ஷெட் நிரந்தரமாக நின்றுவிட்டது.

நம்மவருக்கு இந்தக் கதை அத்துப்படி. தன் இஷ்யூவையே அவர் இப்படித்தான் தொடங்குவார்: "இதை சைக்கிள் ஷெட் ஆக்க விரும்பவில்லை, ஆனால்…" அந்த 'ஆனால்' ஐம்பது பதில் வாங்காமல் அடங்காது.

ரஸ்ட் நிரல்மொழிக்காரர்கள் பட்டதைப் பாருங்கள். 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, 1.31 பதிப்போடு புதுத் தளத்தையும் வெளியிட்டார்கள். பழைய முகப்பில் வேகம், நினைவகப் பாதுகாப்பு என்று பொறியாளர் பாஷையில் ஒரு வரியும், பக்கத்திலேயே ஒரு சின்ன நிரல் துண்டும் இருந்தன. புது முகப்பில் எல்லோரையும் அரவணைக்கிற மாதிரி ஒரு வாசகம், மஞ்சள் பொத்தான், கீழே பச்சையும் ஊதாவும் சிவப்புமாகப் பட்டைகள். நிரலைக் காணோம். நிரல்மொழியின் தளத்தில் நிரலே இல்லையா என்று ஒரு கூட்டம் கொதித்தது. இந்த நிறம் என்ன நிறம் என்று இன்னொரு கூட்டம். இந்த இரைச்சலுக்கு நடுவே, பழைய தளத்தில் இருந்த பிறமொழிப் பக்கங்களை வெளியீட்டு நாளில் காணவில்லை என்பதைச் சொன்னவர்களின் குரல் அவ்வளவாக எடுபடவில்லை. அவை பிறகுதான் திரும்பி வந்தன. என்னைக் கேட்டால், நிறத்தைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேராவது அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். எனக்கு யார் காது கொடுக்கிறார்கள்.

பழசே போதும் என்கிற பெரியவர்கள் தனிக் கட்சி. ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் புதுத் தோற்றத்துக்கு மாறியபோது, இருபக்கமும் இவ்வளவு வெள்ளையாக ஏன் காலி விட்டிருக்கிறீர்கள் என்று சண்டை போட்டவர்கள் இவர்கள்தான். இவர்களுக்காகவே, 2004-இல் வந்த மோனோபுக் தோற்றத்தை விக்கிப்பீடியா இன்னமும் விருப்பத்தேர்வுகளில் வைத்திருக்கிறது. யாருக்கும் தொந்தரவில்லாத ஏற்பாடு. இவர்களை விட்டுவிடலாம்.

அக்டோபர் பறவைகளை அப்படி விட முடியாது. ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு விழா. அந்த மாதத்தில் நாலு திருத்தம், அதாவது புல் ரிக்வெஸ்ட், அனுப்பினால் அப்போதெல்லாம் டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல் ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய இளைஞர் படை, ஊரிலுள்ள திட்டங்களின் முகப்புக் குறிப்பிலெல்லாம் "அற்புதமான திட்டம்" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பித் தள்ளியது. அதுவும் ஒரு திருத்தம்தானாம்! மெயின்டெய்னர்கள் அலறிய அலறலில், சில நாட்களுக்குள் விதியையே மாற்றி, சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் போட்டி என்றார்கள். நம்மவரை இவர்களோடு சேர்த்துப் பேசினால் கோபித்துக்கொள்வார். அவர் டி-ஷர்ட்டுக்காக எதையும் செய்ததில்லை. ஒரு டி-ஷர்ட் வந்ததென்னவோ உண்மை. அதில் லோகோ சற்றே இடப்பக்கம் ஒதுங்கி அச்சாகியிருக்கிறது என்று அதற்கும் இஷ்யூ போட்டிருக்கிறார்.

அவருடைய பெருமையெல்லாம் சாம்பல் நிற வழக்கில் இருக்கிறது. டிசைனர்களுக்கு வெளிர் சாம்பலில் எழுதுவது ஒரு போதை. வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிப் பாதி அழித்த மாதிரி இருந்தால்தான் நவீனம் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூத்ரீசி 2008-இல் வெளியிட்ட அணுக்க விதிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும். புதுத் தளத்தின் டிசைனர் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறத்தின் குறியீடு 777777. வெள்ளையில் அதன் விகிதம் 4.48. தோல்வி. 767676 என்று மாற்றினால் 4.54. தேர்ச்சி.

"இந்த இரண்டு நிறத்துக்கும் மனிதக் கண்ணால் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது" என்று டிசைனர் எழுதினார்.

"அப்படியானால் மாற்றுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று நம்மவர் எழுதினார்.

இதற்குப் பதில் வரவில்லை. பிராண்டு வண்ணம் என்று ஒருவர் இழுத்தார். இன்னொருவர் அச்சுப் பிரதியில் எப்படித் தெரியும் என்று கேட்டார், வலைத்தளத்தை எவர் அச்சடிக்கப் போகிறார் என்று தெரியவில்லை. கடைசியில் 7-ஐ 6 ஆக்கும் அந்தத் திருத்தம் மூன்று பேர் பரிசீலித்து, இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்து, மெர்ஜ் ஆகித் தளத்தில் சேர்ந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். புரை விழுந்த கண்ணோடு, வெயிலில் நின்றுகொண்டு போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கும் யாரையாவது பார்த்திருந்தால், வெளிர் சாம்பலுக்கு எதிராக முணுமுணுக்க ஒரு ஆள் வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றும். இந்த வழக்கில் நான் அவர் கட்சி.

இன்னொரு வழக்கில் அவர் நேரடி வாதி. வலைத்தளங்களை வடிவமைப்பவர்கள் தலைப்புகளின் வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்து, ஒட்டத் தைத்துவிடுவார்கள். அதில் தமிழை ஊற்றினால், 'கி'யின் மேல்விலங்கு முந்தைய வரியில் போய் முட்டும், 'ழு'வின் வால் அடுத்த வரியின் தலையில் இறங்கும். வழிகிறதை மறைத்துவிடு என்று ஸ்டைலில் ஒரு வரி இருந்துவிட்டால் தீர்ந்தது, மேலே விலங்கும் கீழே வாலும் வெட்டுப்பட்டுத் தலைப்பு மொட்டையாக நிற்கும். தமிழ்ப் பக்கத்தை மொழிபெயர்த்த நம்மவர் இதைச் சொன்னபோது, "எங்கள் பக்கம் சரியாகத்தானே தெரிகிறது?" என்று கேட்டார் மெயின்டெய்னர். பாவம், அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வெட்டுப்பட்டதும் அவருக்கு எழுத்துதான், வெட்டுப்படாததும் எழுத்துதான். நம்மவர் வெட்டுப்பட்ட இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்திலேயே சரியான வடிவத்தையும் வைத்து அனுப்பினார். வரி உயரம் 1.1-லிருந்து 1.5 ஆனது. அடுத்த வாரம் தாய்லாந்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் மேல்குறிகளும் இப்போது சரியாகிவிட்டன என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நம்மவர் தெருவில் நடந்த நடையே வேறு.

ஒரு சங்கடமும் உண்டு. மூன்று பிக்சலைக் குறைத்தாரே, அது மெர்ஜ் ஆன மறுநாள், சின்னப் போன்களில் லோகோ மெனுவோடு போய் இடிக்கிறது என்று ஓர் இஷ்யூ வந்தது. எந்தத் திருத்தத்தால் வந்த வினை என்று தேடிப் பார்த்தால் இவர் பெயர். "நீங்களே பார்த்துவிடுகிறீர்களா?" என்று மெயின்டெய்னர் மிகுந்த மரியாதையோடு அவர் தலையில் கட்டினார். அதைச் சரிசெய்யப் போனதில் டார்க் மோடில் மெனு மறைந்தது. அதைச் சரிசெய்யப் போனதில் அரபிப் பக்கத்தில் அம்புக்குறி தலைகீழாகத் திரும்பியது. ஆறு மாதம் கழித்து அந்தத் தளத்தின் ஸ்டைல் கோப்பு முழுவதும் இவர் ஒருவருக்குத்தான் விளங்கும் என்கிற நிலை வந்தது. மெர்ஜ் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். திறமூலத் திட்டங்களில் இன்றைக்கு மெயின்டெய்னர் என்று உட்கார்ந்திருக்கும் பலர், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போய்விடலாம் என்று உள்ளே வந்தவர்கள்தான்.

டிசைனரோ வெளியீட்டு வாரத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டு வேறு திட்டத்துக்குப் போய்விட்டார். தளம் இப்போது ஓரளவு எல்லோரும் படிக்கிற மாதிரி இருக்கிறது. முகப்புப் படத்தை வரைந்தவர் பெயர் ஊருக்கே தெரியும். 777777-ஐ 767676 ஆக்கியவர் யார் என்று கமிட் வரலாற்றைத் தோண்டினால்தான் தெரியும்.

நம்மவர் இப்போது அடுத்த வடிவமைப்புக்கான சோதனைத் தளத்தின் முகவரியை ஒட்டிவிட்டு, யாராவது பார்த்துக் கருத்துச் சொல்வார்களா என்று காத்திருக்கிறார். உங்களுக்கு ஏதாவது பட்டால், வெளியிடும் நாள்வரை பொத்தி வைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள். புதிதாக இஷ்யூ போடுமுன், மூடிய இஷ்யூக்களிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். மூன்று பிக்சல் விவகாரம் அங்கே ஏற்கெனவே நாலு தடவை இருக்கிறது.