கட்டபொம்மன் 1799 அஃபிஷியல்

யூடியூப் சேனலின் ஹேண்டிலுக்கு 3 முதல் 30 எழுத்து வரை இடமுண்டு. வீரபாண்டிய கட்டபொம்மனை ஆங்கில எழுத்தில் முழுசாக அடித்தாலும் 23தான், தாராளமாக அடங்குவார். ஆனால் ஒரு பெயர் ஒருவருக்கே என்பது விதி. முந்தியவர் பட்டா போட்டுவிட்டால் பிந்தியவர் 1799 சேர்ப்பார், அடுத்தவர் அடிக்கோடு போடுவார், அவருக்கும் பின்னால் வந்தவர் ‘அஃபிஷியல்’ என்பார். கயத்தாற்றில் தூக்கிலேறிய ஆண்டு, கிழிசலுக்கு ஒட்டுப்போடும் துணியாகிவிட்டது.

அவருடைய ஊரான பாஞ்சாலங்குறிச்சியின் பெயரையே வைக்கலாமே என்பீர்கள். 16 எழுத்துதான். ஆனால் ‘ஞ்சா’வுக்கு சி-ஹெச்சா, ஜேயா? ‘ங்கு’வுக்கு என்னா, எம்மா? தேடுகிறவர் ஒன்றைத் தட்டுவார், சேனல் இன்னொன்றில் கிடக்கும். எளிய பெயர்தான் மனசில் நிற்கும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எளிமை ஒன்றே போதுமென்றால் இந்தப் பெயர் என்றோ கரிசலில் புதைந்திருக்கும். 1801இல் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பெனி, ஊர்ப்பெயரையும் பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொன்னது. அந்தக் காலத்து அக்கவுண்ட் டெலீட்! அப்படி அழித்த பெயருக்கு 1974இல் அரசு நினைவுக்கோட்டை கட்டியது. இன்று அதன் வாசலில் செல்ஃபி ஸ்டிக்கை நீட்டி நிற்பவருக்குத்தான், ‘இந்தப் பெயர் காலியில்லை’ என்று சிவப்பில் வருகிறது.